சயாம் தண்டவாளம் பார்க்கப் போன நாள்



சுற்றுலாப் போன கதையொன்றை இந்தப் பக்கத்தில் எழுதுவேன் என்று நான் எண்ணியதில்லை. நமக்குப் பயணம் என்றால் ஒன்று இடம்பெயர்வு, இல்லாவிட்டால் கச்சேரி, முகாம், ஆணைக்குழு என்று கோப்பும் கையுமாகப் போய் வருவது. கடந்த வருடம் பாங்கொக்கில் கணவரை இழந்த பெண்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு தந்தார்கள். நாங்கள் தங்கியிருந்த இடத்தின் வாசலில் கிடந்த துண்டுப் பிரசுரம் ஒன்றில் பச்சை மலையும் ஆறும் பாலமும் போட்டு, போர் வரலாற்றையும் இயற்கை அழகையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. 2009க்குப் பிறகு எங்கள் பக்கமும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும், புதுக்குடியிருப்பில் பங்கரையும் பார்த்துக் கமராவில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் சட்டி பானைகள் சிதறிக் கிடந்த மண்ணில் நின்று பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். இன்னொருவருடைய போரைக் காசு கொடுத்துப் பார்க்க எனக்கு என்ன வந்தது?

என்னை விடாமல் இழுத்தவர் பட்டறைக்கு வந்திருந்த மலேசியச் சகோதரி ஒருவர். அறுபதைத் தாண்டியவர். பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். நான் அவரை அக்கா என்றே அழைத்தேன்.

"எங்க தாத்தா அங்கதாம்மா போனாரு. எனக்குத் தனியாப் போக மனசு வரல. நீ கூட வா" என்றார்.

அதற்குப் பிறகு நான் மறுக்கவில்லை.

அவர் சொன்ன 'அங்க' என்பது பாங்கொக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 130 கிலோ மீற்றர் தொலைவிலுள்ள காஞ்சனபுரி. மலேசியத் தமிழர் சயாம் மரண ரயில் என்று சொல்லும் பாதை அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறது. அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் 1942இன் தொடக்கத்தில் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தனர். பர்மாவில் நின்ற தங்கள் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாக இருந்தது. ஆகவே தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு, காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோ மீற்றர் ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். 1942இன் நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. இரண்டு பக்கமிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் 1943 ஒக்டோபர் 17ஆம் திகதி சந்தித்தன. போரில் பிடிபட்ட பிரித்தானிய, அவுஸ்திரேலிய, ஒல்லாந்து, அமெரிக்கப் படையினர் 60,000 பேருக்கு மேல் இதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். உலகம் அறிந்தது இவர்களுடைய கதையை.

அவர்களைப் போல மூன்று மடங்கு ஆட்கள் ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், யாவாக்காரர், மலாயர், சீனர், இவர்களோடு மலாயாத் தமிழர். மலாயாவிலிருந்து மாத்திரம் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள், அதில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர் தொகை 90,000 வரை என்கிறார்கள். அது ஒரு மதிப்பீடு மட்டுமே. யாரும் நின்று எண்ணிய கணக்கல்ல.

காலை ஆறரைக்கு வான் வந்தது. எங்களோடு வெள்ளைக்காரத் தம்பதிகள் இரண்டு சோடி, ஓர் அவுஸ்திரேலியத் தகப்பனும் மகனும். வழிகாட்டியாக வந்தவர் ஒரு தாய்லாந்துப் பெண்பிள்ளை. முப்பது வயதிருக்கும். ஒப்புவிக்கிற மாதிரிப் பேசாமல், கேட்டதற்கு மறுமொழி சொல்லுகிற பிள்ளை.

முதலில் இறக்கியது காஞ்சனபுரி போர் மயானத்தில். நகரத்தின் நடுவே, வாகனச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போனதும் சத்தம் அடங்கிவிடுகிறது. ஒட்ட வெட்டிய புல். வரிசை வரிசையாகச் சின்னக் கல்லறைகள், ஏறத்தாழ 7,000. ஒவ்வொன்றுக்கும் இடையே பூஞ்செடி. ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது. அடியில் வீட்டார் எழுதுவித்த ஒரு வரி. சில கற்களின் முன் குனிந்து வயதைப் பார்த்தேன். 22. 24. 31. 20. சகோதரிகளே, உங்களிடம் மறைக்கவில்லை, எனக்குப் பொறாமையாக இருந்தது. இறந்தவரைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ஆனால் பெயரெழுதிய ஒரு கல்லுக்காக எத்தனை வருடமாக நாம் அலைகிறோம்! இருந்த கல்லையும் இடித்த ஊரிலிருந்து போனவள் நான்.

அக்கா வரிசை வரிசையாக நடந்து போனார். கடைசி வரிசை முடிந்ததும் திரும்பி வந்து வழிகாட்டிப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில், எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை சுற்றிவளைக்கவில்லை. "இங்கே இல்லை அம்மா. அவர்கள் பாதை நெடுகிலும் இருக்கிறார்கள்" என்றார். இந்த ஊரிலேயே 1990இல் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் வெளிப்பட்டதையும் சொன்னார். எனக்கு உடனே செம்மணியும் மன்னார்ப் புதைகுழியும்தான் நினைவில் வந்தன. ஒன்றும் பேசாமல் வெளியே வந்தேன்.

மயானத்துக்குப் பக்கத்தில் இந்த ரயில் பாதைக்கென்றே ஒரு நூதனசாலை உண்டு. 2003இல் திறந்தது. அங்கேதான் நான் ஒரு விசயம் அறிந்தேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுவே.

போர் முடிந்த கையோடு, 1945 செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும், விடுதலையான கைதிகளில் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அந்தப் பாதை முழுவதும் போயிருக்கிறது. காட்டுக்குள் 144 புதைகுழி இடங்கள். தேடவேண்டிய கல்லறைகள் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் 52ஐ மாத்திரம் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? முகாம்களில் இருந்த அதிகாரிகளும் வைத்தியர்களும் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். யார், எப்போது, என்ன நோயில், எந்த இடத்தில் என்று கிடைத்த கடதாசித் துண்டில் எழுதி, மூங்கில் குழாய்க்குள்ளும் போத்தலுக்குள்ளும் ஒளித்து, சிலவேளை பிரேதத்தோடேயே புதைத்து வைத்தார்கள். யப்பானியர் கண்டால் தண்டனை. இருந்தும் எழுதினார்கள்.

எங்கள் தோட்டத்துச் சனத்துக்கு அப்படி எழுத யாருமில்லை. அவர்களிடையே அதிகாரி இல்லை, வைத்தியர் இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களே அதிகம். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது அவர்களுடைய முகாம்களில்தான் கூடுதலாக வாரிக்கொண்டு போனது. அவர்களைச் சேர்த்து அனுப்பும்போது எழுதிய பெயர்ப் பட்டியல்கள் இருந்தன. தோட்டத்துக் கங்காணிமாரும் கிராணிமாரும் அதை எழுதிக் கொடுத்தார்கள். கிராணிமாரில் யாழ்ப்பாணத்தாரும் இருந்தார்கள் என்பதை, மலாயாப் பென்சனைப் பற்றிப் பெருமை பேசுகிற நாம் நினைக்கத்தான் வேண்டும். அனுப்புவதற்குப் பட்டியல் எழுத ஆள் இருந்தது. செத்தவரை எழுதத்தான் இல்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். காணாமற்போன உங்கள் பிள்ளையைப் பற்றி, கணவரைப் பற்றி, முழுதாக எழுதிய ஒரு கொப்பி உங்கள் வீட்டில் இருக்கிறதா? அலுவலகத்தில் கொடுத்துவிட்டோமே என்பீர்கள். கொடுத்ததன் பிரதி உங்களிடம் இருக்கிறதா? முழுப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட நாளும் இடமும், அப்போது உடுத்தியிருந்த உடுப்பு, கூட நின்றவர்கள், இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று நினைக்கிறோம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் தம்பி பன்னிரண்டு வயதில் சைக்கிளால் விழுந்து வலது கால் எலும்பு முறிந்தவன். கடைவாயில் ஒரு பல் இல்லை. அவன் காணாமற்போனது 2009 மே மாதத்தில். இந்த இரண்டு விசயத்தையும் நான் எழுதி வைத்தது 2018இல், ஒருவர் கேட்ட பிறகுதான். எலும்பை அடையாளம் காண்பவர்களுக்கு முறிந்த எலும்பும் பல்லும்தான் முதலில் உதவும் என்று அவர் விளங்கப்படுத்தினார். அம்மா அதற்கு முந்தின வருடம் காலமாகிவிட்டா. எந்தப் பக்கத்துப் பல் என்று கேட்க ஆளில்லாமற் போய்விட்டது. ஆகவே கொப்பியை இன்றைக்கே எடுங்கள். எழுதி, ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் மற்றதைச் சகோதரி வீட்டிலுமாகப் பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். வெள்ளம் எங்களுக்குப் புதிதல்லவே. எழுதுவதால் அவர் இல்லையென்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாது. அந்தப் பயத்தில் எழுதாமல் இருப்பவர்கள் பலர், எனக்குத் தெரியும்.

சரி, வானில் ஏறுவோம்.

அடுத்தது விகாரை வளவில் கைதிகளின் மூங்கில் குடிசை போலக் கட்டிய இன்னொரு நூதனசாலை. 1977இல் தொடங்கியது. 'ஜீத்' என்று பெயர். யப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, தாய்லாந்து, ஒல்லாந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கூட்டி வைத்த பெயராம். அந்தப் பெயரிலும் எங்களுக்கு ஓர் எழுத்து இல்லை என்று அக்கா சிரித்தார்.

பாலத்தில் பெரும் சனக்கூட்டம். வளைந்த இரும்பு வில்கள் அக்காலத்தவை. நடுவில் கோணலாகத் தெரியும் இரண்டும் குண்டு விழுந்து உடைந்தபின் போட்டவை. இந்தப் பாலத்தை உலகறியச் செய்த ஆங்கிலப் படம் 1957இல் வந்தது. அதை எடுத்தது தாய்லாந்தில் அல்ல, எங்கள் நாட்டில், களனி கங்கைக் கரையில் கித்துள்கலையில் என்று நான் சொன்னதும் அவுஸ்திரேலியத் தகப்பன் அதிசயப்பட்டார். படம் வந்து ஆட்கள் க்வாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று தேடி வரத் தொடங்கினார்கள். பாலத்தின் கீழே ஓடியதோ மே க்லோங் ஆறு. ஆகவே 1960இல் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! படம் பார்த்தவர்களுக்காக ஓர் ஆறு பெயர் மாறியது. அந்தப் படத்தில் தோட்டத் தமிழருக்கு இடமில்லை.

பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, 1944இல் யப்பானியரே கட்டிய ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. வேலை செய்வித்துக் கொன்றவர்களே இறந்தவர்களுக்காக எழுப்பியது. அதன் சுவர்க் கல்லொன்றில் தமிழும் எழுதியிருக்கிறது. வெளிநாட்டில் தமிழ் எழுத்தைக் கண்டால் எங்களுக்கு ஒரு சந்தோசம் வருமே, அன்று அது வரவில்லை. அக்கா எழுத்துக்களின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வெயிலாக இருக்கிறது போகலாம் என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ரயிலில் ஏற்றினார்கள். இன்று இந்தப் பாதையில் ரயில் நாம் தோக் என்ற இடம் மட்டும்தான் போகிறது. அதற்கப்பால் போருக்குப் பின் கழற்றிவிட்டார்கள். மரப் பலகை இருக்கை, திறந்த யன்னல். வெளியே மரவள்ளித் தோட்டமும் கரும்பும், தூரத்தில் நீல மலை. தாம் க்ராசே என்னும் இடத்தில் ரயில் மெதுவாகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் கீழே ஆறு. பாறையை ஒட்டி மரக்கால்களின் மேல் தண்டவாளம். ரயில் ஊரும்போது மரம் முனகுகிற சத்தம் கேட்கிறது. உண்மையிலேயே அழகான இடம். மன்னார் வீதியில் மாலை வெயில் விழுகிறபோதும், நந்திக்கடலில் கொக்கு இறங்குகிறபோதும் எனக்கு வருகிற குழப்பம் அங்கேயும் வந்தது. இவ்வளவு நடந்த இடம் இத்தனை அழகாக இருக்கலாமா?

அக்கா யன்னலால் மரவள்ளியைப் பார்த்துக்கொண்டு வந்தார். "யப்பான்காரன் காலத்துல பாட்டி இத வெச்சுத்தாம்மா புள்ளைங்கள வளர்த்தாங்க. துணி இல்லாம சாக்க வெட்டித் தெச்சுப் போட்டாங்க" என்று தொடங்கினார்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லித்தான் தாத்தாவைச் சேர்த்தார்கள். தோட்டத்தில் பால் வெட்டு நின்று கஞ்சிக்கு வழியில்லாத காலம். சில இடங்களில் சும்மா படம் காட்டுகிறோம் என்று ஆட்களைக் கூட்டி, கதவைப் பூட்டி லொறியில் ஏற்றிய கதைகளும் உண்டு. தாத்தா போனது தன் விருப்பத்தில். அப்போது பெரியம்மாவுக்கு ஏழு வயது, அக்காவின் தாய்க்கு மூன்று. 1945இன் கடைசியிலும் அடுத்த வருடமும் மிச்சம் இருந்தவர்கள் திரும்பி வந்தபோது, பாட்டி இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஸ்டேசனுக்குப் போவாவாம். வந்தவர்களில் ஒருவர், மழைக்குள் பேதியில் கிடந்ததைக் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர், அவன் சயாம்காரி ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்றார்.

"பாட்டி ரெண்டாவது கதையத்தாம்மா நம்புனாங்க. சாகுற வரைக்கும் தாத்தாவத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. பொட்ட மட்டும் அழிக்கல."

ஏன் என்று நான் கேட்கவில்லை. திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருக்கவேண்டுமல்லவா. மரணச் சான்றிதழை எடுப்பதா, காணவில்லை என்ற சான்றிதழை எடுப்பதா என்று கச்சேரி வாங்கில் இருந்து யோசித்தவர்களுக்குப் பாட்டியை விளங்கும்.

நாம் தோக்கிலிருந்து வானில் நரகத்தீக் கணவாய்க்குப் போனோம். அவுஸ்திரேலிய அரசு 1998இல் அங்கே நினைவு நூதனசாலை ஒன்றைத் திறந்தது. மூங்கில் காட்டுக்குள் நீண்ட படியால் இறங்கவேண்டும். முழங்கால் நோவு உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள், ஏறும்போது தெரியும். கீழே மலையை இரண்டாகப் பிளந்த மாதிரி ஒரு வெட்டு. சம்மட்டியாலும் உளியாலும் துளை போட்டு, வெடி வைத்து, கல்லைக் கையால் அள்ளியது. 1943இல் அவசரப்படுத்தி இராப்பகலாக வேலை வாங்கியபோது மூங்கில் பந்தங்களின் வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான ஆட்கள் நின்றது நரகம் போல இருந்ததாம், அதனால் இந்தப் பெயர். உளியின் தடம் இன்றும் பாறையில் இருக்கிறது. வெட்டின் நடுவே பெரிய மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. அவுஸ்திரேலிய மகன் தகப்பனுக்குத் தெரியாமல் அழுதான். அவன் யாரைத் தேடி வந்தானோ, நாங்கள் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் வழிகாட்டிப் பிள்ளை சாரதியோடு ஏதோ கதைத்தார். பிறகு எங்களிடம் வந்து, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம் போகலாமா என்று எல்லோரிடமும் கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை.

அது காஞ்சனபுரி நகரிலேயே தாவோன் வராரம் என்ற விகாரை. காலையில் பார்த்த மயானத்திலிருந்து அதிக தூரமில்லை. அந்த வளவில், இந்த ரயில் பாதையில் மாண்ட தமிழருக்காக ஒரு நடுகல் இருக்கிறது. 2023இல் நாட்டியது. எண்பது வருடம் எடுத்திருக்கிறது. காலையிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. துண்டுப் பிரசுரத்தில் இல்லை, கேட்கிறவர்களும் இல்லை என்றார் அந்தப் பிள்ளை.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு சிறு பொதியை எடுத்தார். திருநீறும் இரண்டு கட்டிக் கற்பூரமும். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. நெருப்புப் பெட்டி மாத்திரம் இல்லை. சாரதி லைட்டர் தந்தார். காற்றுக்குக் கற்பூரம் அணைந்து அணைந்து எரிந்தது. வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

நான் என் கொப்பியை எடுத்து, தாத்தாவின் பெயரைச் சொல்லுங்கள் அக்கா, எழுதிக்கொள்கிறேன் என்றேன். பெயர் சொன்னார். தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், போன மாதம் எல்லாம் சொன்னார். வயது என்று கேட்டபோது நின்றுவிட்டார்.

"வயசு தெரியலயேம்மா. வீட்டுல ஒரு நாளும் கேட்டதில்ல."

வானில் ஏறியதும் ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். கிழவிக்குக் காது கேட்காது. திரும்பத் திரும்பச் சத்தமாகக் கேட்டார், வானில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அக்கா போனை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். நகரைத் தாண்டி இருட்டியும் விட்டது.

"இருபத்தாறாம்" என்றார். "நான் தாத்தா தாத்தான்னு கெழவனா நெனச்சிட்டு இருந்தேன். எம் மகனவிடச் சின்னப் பையம்மா."

நான் கொப்பியைத் திறந்து 26 என்று எழுதினேன்.